காசு கொடுத்து வாங்கும் புகை

டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகருக்கு அருகே வசிக்கும் என் தங்கை, சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தாள். அவள் வீட்டின் பின்புறத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக நிற்கும் மின்சாரப் புகையடுப்பு சரியாகச் சூடேறவில்லை. கதவின் ரப்பர் இற்றுப்போய்ப் புகை எல்லாப் பக்கமும் கசிகிறது. "அக்கா, பெல்லட் கிரில் வாங்கலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறவள். என்னிடம் கேட்க இதில் என்ன இருக்கிறது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் அம்மா வருதுல்ல, அதான் கேக்குறேன்" என்றாள்.

அம்மாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணடுப்பில் சமைத்தவள். விறகு, சீமைக் கருவேலம். பீடி, சிகரெட் எதையும் கையால் தொட்டதில்லை. மூச்சுத்திணறலுக்காக முதன்முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல விறகடுப்பா?" என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மா முதல்முறை தங்கை வீட்டுக்குப் போனபோது, அந்த மின்சாரப் பெட்டியின் மேல்துவாரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வருவதையும், நண்பர்கள் அதைச் சுற்றி நின்று மகிழ்ச்சியோடு மூக்கை நீட்டுவதையும் பார்த்திருக்கிறாள். அன்றிரவு என்னிடம் போனில் சொன்னாள்: "முப்பது வருசமா நான் குடிச்ச புகைய இவுக காசு குடுத்து வாங்குறாக புள்ள."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தேடிய விளக்கம். ஒரு பெண்ணுக்கு நோயாக இறங்கிய புகை, வேறோர் இடத்தில் ஆண்களின் கைத்திறனாகவும் விடுமுறைக் கொண்டாட்டமாகவும் எப்படி ஆனது? தங்கை வாங்கப் போகும் கருவியின் வரலாற்றிலேயே அதற்கான பதிலில் ஒரு பகுதி இருக்கிறது.

உள்நெருப்பும் வெளிநெருப்பும்

குறுந்தொகையின் 167ஆம் பாடலை மாணவிகளுக்கு நடத்தும்போதெல்லாம் நான் ஓரிடத்தில் நிறுத்துவேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் ஒருத்தி தயிரைப் பிசைந்த கையைக் கழுவாத ஆடையோடு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் அழகு என்று உரைகள் வியக்கும் பாடல் இது. புகை அவள் கண்ணில் இருக்கிறது, தீர்ப்பு அவன் நாவில் இருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். அதற்குமேல் அந்தப் பாடலுக்கு நான் உரை சொல்வதில்லை.

அமெரிக்காவின் பார்பெக்யூவில் இந்த ஏற்பாடு தலைகீழாகத் தெரியும். அங்கே நெருப்பருகே நிற்பவன் ஆண். சமைப்பவனும் அவனே, பாராட்டைப் பெறுபவனும் அவனே. ஆனால் இறைச்சியை முதல் நாளே உப்பும் மசாலாவும் தடவி ஊறவைப்பது, கூட வைக்கும் பத்து வகைகளைச் செய்வது, மறுநாள் கொழுப்பு படிந்த தட்டுகளைக் கழுவுவது ஆகியவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலைகள். அவற்றுக்குக் கொண்டாட்டமான பெயர் ஏதும் இல்லை. அன்றாட நெருப்பு பெண்ணுக்கு, திருவிழா நெருப்பு ஆணுக்கு என்ற பிரிவினை நமக்கும் புதிதல்ல. வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பவள் பெண். கல்யாணப் பந்திக்குக் கோட்டை அடுப்பு மூட்டினால் அங்கே தலைமைச் சமையற்காரர் ஆண்.

இந்தப் பிரிவினை ஆதியிலிருந்தே இருந்ததல்ல. பார்பெக்யூ என்ற சொல், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மரக்குச்சிகளால் கட்டிய பரணைக் குறித்த சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது வளர்ந்தது அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பால். நிலத்தில் நீளமாகக் குழி வெட்டி, மரத்தைக் கங்காக்கி, இரவெல்லாம் கண்விழித்து இறைச்சியைத் திருப்பியவர்கள் அவர்கள். விருந்தளித்த பெருமை தோட்ட முதலாளிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் போனது.

பெல்லட் கிரில் பிறந்த ஓரிகன் மாநிலத்துக்கே இன்னொரு வரலாறு உண்டு. அங்கே கொலம்பியா ஆற்றின் சீலைலோ அருவியில் பழங்குடி ஆண்கள் வலைவீசிச் சால்மன் மீன் பிடித்தனர். அதை அறுத்து, காற்றிலும் புகையிலும் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தவர்கள் பெண்கள். எந்த மரம், எவ்வளவு புகை, எத்தனை நாள் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்குப் போனது. 1957இல் தி டேல்ஸ் அணை கட்டப்பட்டபோது அந்த அருவி நீரில் மூழ்கியது. அந்த அறிவுக்கு யாரும் காப்புரிமை பெற்றிருக்கவில்லை. அதே மாநிலத்தில் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புகையிடும் இயந்திரத்துக்கு ஓர் ஆணின் பெயரில் காப்புரிமை வந்தது.

புறநகரின் ஏப்ரன் அணிந்த அப்பா

கார் தயாரிப்பில் மிஞ்சிய மரத்துண்டுகளை வீணாக்காமல் கரிக்கட்டிகளாக்கி விற்றவர் ஹென்றி ஃபோர்டு. அது 1920களில். இரண்டாம் உலகப் போர் முடிந்து புறநகர்களில் தனித்தனி வீடுகளும் புல்வெளிகளும் பெருகியபோது அந்தக் கரிக்கு வீட்டுச் சந்தை கிடைத்தது. 1952இல் சிகாகோ பகுதியில் உலோகத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடலில் மிதக்கும் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி, மூடியுள்ள உருண்டைக் கரியடுப்பை உருவாக்கினார். அக்காலத்து விளம்பரங்களில் ஏப்ரன் கட்டிய அப்பா கையில் நீண்ட இடுக்கியோடு நிற்பார். அம்மா மேசையருகே புன்னகையோடு நிற்பாள். இன்று அம்மாவுக்கு விடுமுறை என்பது அதன் சாரம். மீதி ஆறு நாள் யார் சமைத்தார் என்ற கேள்வியைப் படம் கேட்காது.

வீட்டுக் கருவிகள் உண்மையில் யாருடைய வேலையைக் குறைத்தன என்று 1983இல் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் தன் 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் கேட்டார். அவருடைய உதாரணங்களில் எனக்கு மறக்காதது 19ஆம் நூற்றாண்டின் வார்ப்பிரும்பு அடுப்பு. திறந்த கணப்பைவிட அதற்கு விறகு குறைவாகப் போதும். விறகு வெட்டுவது ஆண்களின் வேலை, அது குறைந்தது. ஆனால் ஒரே பானையில் ஒரே உணவு கொதித்த இடத்தில், ஒரே நேரத்தில் பல பண்டங்கள் சமைக்க முடிந்ததால் பெண்ணின் வேலை கூடியது. போதாததற்கு, அடுப்பையே தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலையும் சேர்ந்தது. புதிய கருவி வீட்டுக்கு வரும்போது அது யாருடைய உழைப்பைக் கழிக்கிறது, யாருடைய உழைப்பைக் கூட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அவரிடம் கற்றேன்.

பெல்லட்டின் பிறப்பு

1970களின் எண்ணெய் நெருக்கடி அமெரிக்க வீடுகளைக் குளிரில் நடுங்க வைத்தது. மரவாடிகளில் மலையாகக் குவிந்த மரத்தூளை எரிபொருளாக்கும் முயற்சிகள் அப்போது வேகம்பெற்றன. மரத்தூளை நன்றாக உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் துளைகள் வழியே தள்ளினால், சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகிப் பசைபோல ஒட்டி, பென்சில் தடிமனில் சிறு உருளைகள் கிடைக்கும். இவைதாம் பெல்லட். 1980களில் இவற்றை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் சந்தைக்கு வந்தன. ஓரிகனின் மவுன்ட் ஏஞ்சல் ஊரில் கணப்புக் கருவித் தொழில் நடத்திய ஜோ டிரேகர், அதே தத்துவத்தில் 1980களின் நடுவில் பெல்லட் கிரிலை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அது 2000களின் நடுவில் காலாவதியானதும் வேறு பல நிறுவனங்களும் இறங்கின.

அதன் இயக்கம் எளிது. பக்கத்துப் பெட்டியில் பெல்லட் கொட்ட வேண்டும். மோட்டாரில் சுழலும் திருகுத்தண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். ஒரு மின்கம்பி சூடேறிப் பற்றவைக்கும். சிறு விசிறி காற்றூதும். சூட்டை அளக்கும் உணரி, எவ்வளவு பெல்லட் போட வேண்டும் என்று கட்டுப்படுத்தியிடம் சொல்லும். நாம் எண்ணைக் குறித்துவிட்டு உள்ளே போய்விடலாம்.

தங்கையின் பழைய மின்சார அடுப்பு வேறு வகை. குளிர்பதனப் பெட்டி போன்ற சிறு அலமாரி, அடியில் சூடேறும் கம்பி, அதன் மேல் மரச்சில்லுகள் நிரம்பிய தட்டு. சில்லுகள் கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகையும். விலை மலிவு, கையாள எளிது. ஆனால் பெரும்பாலான மாடல்களில் சூடு 135 டிகிரி செல்சியஸ் அளவோடு நின்றுவிடும். கோழியின் தோல் மொறுமொறுப்பாக வராது. மர நெருப்பின் வாயுக்கள் குறைவென்பதால் இறைச்சியின் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் உருவாவதில்லை.

இந்த இரண்டு கருவிகளையும் கரியும் கட்டையும் பயன்படுத்தும் 'உண்மையான' பார்பெக்யூக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அவர்கள் சொல்லும் வசை, 'ஈஸி-பேக் அவன்'. அது 1963இல் அமெரிக்காவில் வெளிவந்த, மின்விளக்கின் சூட்டில் சிறு கேக் செய்யும் சிறுமிகளின் விளையாட்டுப் பொருள். ஒரு கருவி எளிதாகிவிட்டது என்று குறைசொல்ல அவர்களுக்குக் கிடைத்த சொல், அது சிறுமியின் பொம்மை என்பது. கடினமாக இருக்கும்வரை அது ஆணின் கலை. எல்லோராலும் முடியும் என்றால் அது பெண்பிள்ளை விளையாட்டு.

கடினமான நெருப்பிலும் பெண்கள் இருக்கவே செய்தார்கள். தங்கை வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ஒரு பார்பெக்யூ கடை சனிக்கிழமைகளில் மட்டும் திறக்கும். அங்கே நெருப்பை ஆள்பவராகப் புகழ்பெற்றவர் டூட்ஸி டொமனெட்ஸ். 1935இல் பிறந்தவர். 1966இல், இறைச்சிக்கடை ஒன்றில் ஆள் போதாத நாளில் உதவிக்குப் போய்த் தொழில் கற்றவர். எண்பது வயதைத் தாண்டியும் வார நாட்களில் பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை, சனிக்கிழமை விடியலுக்கு முன்பே மண்வெட்டியால் கங்கு அள்ளிப் போடும் வேலை என்று வாழ்ந்தார். 2008இல் ஒரு டெக்சஸ் இதழ் அந்தக் கடையை மாநிலத்திலேயே சிறந்தது என்று அறிவித்தபோதுதான் வெளியுலகம் அவரைக் கண்டது. அதற்குள் அவர் நாற்பது ஆண்டுகள் அந்த நெருப்பின் முன் நின்றிருந்தார்.

நம் ஊருக்கு வந்த பெல்லட்

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெல்லட் நம் ஊருக்கும் ஒருமுறை வந்துபோனது நினைவுக்கு வந்தது. பி.பி. எண்ணெய் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கி, 2006இல் வெளியிட்ட 'ஊர்ஜா' அடுப்பு அது. வேளாண் கழிவுகளில் செய்த பெல்லட்டை எரிக்கும். அடியில் பேட்டரியில் ஓடும் சிறு விசிறி காற்றூதும். விறகடுப்பைவிடப் புகை மிகக் குறைவு. கிராமத்துப் பெண்கள் வழியாகவே விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு வேளாண் கழிவுக்கு ஆலைகளும் போட்டியிட்டதால் அதன் விலை ஏறியது, பெல்லட்டின் விலையும் ஏறியது. வீடுகள் வாங்குவதை நிறுத்தின. தொழில், ஓட்டல் சமையலறைகளைப் போன்ற பெரிய வாடிக்கையாளர்கள் பக்கம் நகர்ந்தது. பெல்லட் இல்லாத பெல்லட் அடுப்பு, பெண்களை மறுபடியும் விறகுக்கே அனுப்பியது.

இங்கே எரிபொருள் விலை சில ரூபாய் கூடியதும் திட்டம் முடங்கியது. அங்கே ஒன்பது கிலோ பெல்லட் மூட்டையை ஓக், ஹிக்கரி, ஆப்பிள், மெஸ்கீட் என்று வாசனை பார்த்து வாங்குகிறார்கள். அந்த மெஸ்கீட் வேறெதுவும் இல்லை, அம்மா எரித்த சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். அமெரிக்கக் கண்டத்து மரம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னாளில் இராமநாதபுரத்தின் வறண்ட நிலமெங்கும் பரவியது. முள் கிழிய அதை வெட்டிச் சுமந்ததும், கரிமூட்டத்தில் வெந்ததும், அதன் புகையைக் குடித்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள்.

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் குஜராத் கிராமங்களில் அடுப்பின் முன் அமர்ந்த பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து காட்டினார்கள். இன்றும் வீட்டுப் புகையால் 2020 என்ற ஒரே ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அளந்து தெரிந்துகொண்ட பிறகும் இவ்வளவு காலம் ஆகிறது.

தங்கையின் தேர்வு

கடைக்குப் போன கதையைத் தங்கை இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். சூடு எத்தனை டிகிரி வரை ஏறி இறங்கும் என்று அவள் கேட்டாள். விற்பனையாளர் அவள் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். சாம்பலை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டாள். அதற்கும் அவரைப் பார்த்தே பதில். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பழைய அடுப்பை ஓட்டியவள் அவள்தான். அவள் கணவர் ஒருகட்டத்தில், "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாராம். அதன்பிறகுதான் விற்பனையாளர் தலையைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் போனில் ஒரு பட்டியல் போட்டோம். விளம்பரத்தில் இல்லாத கேள்விகள் அதில் இருந்தன.

மூட்டையைத் தூக்கிக் கொட்டுபவர் யார்? பெட்டி தோள் உயரத்தில் இருக்கக் கூடாது. மிஞ்சிய பெல்லட்டை வெளியே எடுக்க அடியில் திறப்பு வேண்டும். ஈரம் பட்டால் பெல்லட் உப்பித் தூளாகித் திருகுத்தண்டை அடைத்துவிடும். சாம்பலையும் கொழுப்பையும் எடுப்பவர் யார்? சில சமையலுக்கு ஒருமுறை நெருப்புக் கிண்ணத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் பற்றாது. வடியும் கொழுப்பைத் துடைக்காவிட்டால் தீப்பிடிக்கும். மின்சாரம் போனால்? 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸின் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரப் புகையடுப்பைப் போலவே பெல்லட் கிரிலும் அப்போது வெறும் இரும்புதான். அதனால் சின்னக் கரியடுப்பு ஒன்றும் இருக்கட்டும், ஆனால் அதை ஒருநாளும் வீட்டுக்குள் மூட்டக் கூடாது.

கடைசிக் கேள்வி அம்மா. விசிறி ஊதும் நெருப்பு, கனலும் சில்லுகளைவிடச் சுத்தமாக எரியும். புகை மெல்லியதாக இருக்கும். ஆனால் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும். புகையே வராத பெல்லட் கிரில் கிடையாது. ஆகவே அம்மாவின் அறை ஜன்னலிலிருந்து எட்ட, தோட்டத்தின் மறுகோடியில் வைப்பது, அந்த நேரம் ஜன்னல்களை மூடுவது, அம்மாவுக்கு மூச்சு முட்டும் நாளில் பற்றவைப்பதே இல்லை என்று முடிவானது. நடுத்தர அளவில், சூட்டை நிலையாகக் காக்கும், கீழிருந்து சாம்பல் கிண்ணத்தைக் கழற்றக்கூடிய ஒன்றை வாங்கினார்கள். தூக்குவதும் கழுவுவதும் கணவர் பொறுப்பு. நெருப்பு தங்கையின் பொறுப்பு. இந்தப் பிரிவினையை அவர்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, புகை அடங்கிய ஒரு மாலையில் தங்கை அவளை மெதுவாக அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறாள். சாத்திய மூடிக்குள் கர்ரென்று ஒரு சத்தம். அது என்ன என்று அம்மா கேட்டாள். "நெருப்ப ஊதுற விசிறிம்மா. நம்ம ஊதாங்குழல் மாதிரி" என்றாள் தங்கை. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாளாம். பிறகு, "ஊதுறதுக்கு மிசினா? இத அப்பவே குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

அந்தக் கேள்விக்கு வரலாற்றில் சாக்கு ஏதும் இல்லை. திருகுத்தண்டு ஆர்க்கிமிடீஸ் பெயரால் அறியப்படும் பழமையான பொறி. சிறு மின்விசிறி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. விறகடுப்பின் புகை பெண்ணின் நுரையீரலை என்ன செய்யும் என்பதை அம்மா எங்கள் இருவரையும் வளர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே அளந்துவிட்டார்கள். கருவி இருந்தது, அறிவும் இருந்தது. ஊதுவதற்கு அம்மாவின் மூச்சு இலவசமாகக் கிடைத்ததால், அதற்கு மாற்றாக ஒரு விசிறிக்குச் செலவழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா மதுரைக்குத் திரும்பும்போது எங்கள் ஊர் வீட்டின் ஊதாங்குழலைத் தேடி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "உன் காலேஜ் புள்ளைகளுக்குக் காட்டு" என்றாள்.